எட்டு மணிச் செய்தியில் தேடிய தெரு

எட்டு மணிச் செய்திக்கு முன்னால் வரும் அந்தச் சிறு இசையைக் கேட்டால் இன்னும் எனக்குக் கை குளிர்ந்துவிடுகிறது. மகள் வீட்டுக்கு வந்துவிட்டாள். அடுத்த அறையில்தான் படுக்கிறாள். அவள் சப்பாத்து வாசலில் குறுக்கே கிடக்கிறது, நான்தான் தினமும் எடுத்து ஓரமாக வைக்கிறேன். இருந்தும் அந்த இசை தொடங்கியதும் நான் எழுந்து கைத்தொலைபேசியைத் தேடத் தொடங்கிவிடுகிறேன். கணவர் ஒலியைக் குறைக்கிறார்.

மகள் போயிருந்த நாட்டின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் வாசிப்பவர்கள் முதல் வரியிலேயே ஏதாவது ஒரு பக்கத்தில் போய் நின்றுகொள்வார்கள். நானும் அப்படித்தான் வாசிப்பேன். கடலோரத்தில் ஒரு பெரிய நகரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நாட்டுக்கும் இன்னொரு நாட்டுக்கும் சண்டை மூண்டபோது அவள் அங்கே இருந்தாள்.

பள்ளி இறுதிப் பரீட்சை முடித்த பிள்ளைகள் பலர் இங்கே ஜெர்மனியில் இருந்து ஒரு வருடம் வெளிநாட்டுக்குத் தொண்டு வேலைக்குப் போகிறார்கள். எங்கள் மகளும் போனாள். காது கேளாத சின்னப் பிள்ளைகளுக்கான ஒரு இல்லத்தில் வேலை. அவளோடு இன்னொரு ஜெர்மன் பெண் பிள்ளையும் அங்கே இருந்தாள். இருவரும் இல்லத்துக்கு அருகிலேயே ஒரு வீட்டில் தங்கினார்கள்.

"அம்மா, நீங்கள் அகதியா வந்த ஆக்கள். நான் விருப்பத்தில போறன். ரெண்டும் வேற" என்றாள், புறப்படும் நாள்.

"ஓம், உனக்கு ரிட்டேர்ன் ரிக்கெற் இருக்கு" என்றார் அவள் தகப்பன். எல்லோரும் சிரித்தோம்.

சண்டை தொடங்கியதும் முதலில் மூடியது விமான நிலையம்தான்.

என் கணவருக்குச் செய்தி கேட்பதில் ஒரு முறை உண்டு. எங்கள் வயது யாழ்ப்பாணத்தார் பலருக்கும் அது உண்டு. பின்னேரங்களில் வானொலிப் பெட்டியைத் திருப்பித் திருப்பி வளர்ந்தவர்கள் நாங்கள். அரசாங்க வானொலி ஒன்று சொல்லும். இயக்கத்தின் வானொலி வேறொன்று சொல்லும். வெளிநாட்டில் இருந்து வரும் தமிழ் ஒலிபரப்பு இரண்டுக்கும் நடுவில் எதையாவது சொல்லும். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுப் பெரியவர்கள் வாசல் படலையடியில் நின்று கூட்டிக் கழித்துப் பார்ப்பார்கள். சிறு சேதம் என்றால் பெரிய சேதம். நிலைமை கட்டுப்பாட்டில் இருக்கிறது என்றால் சாமான் கட்டத் தொடங்க வேண்டும். ஒன்றுமே சொல்லாவிட்டால்தான் ஆகப் பயம். டோர்ட்மண்டுக்கு வந்து இத்தனை காலமாகியும் அந்தப் பழக்கம் போகவில்லை. இங்கே ரயில் பத்து நிமிடம் தாமதம் என்று அறிவித்தாலும் அவர் "அப்ப வராது" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு நடப்பார். பாதி நாட்களில் அவர் சொன்னதே சரியாக இருக்கும், அது வேறு கதை.

ஆனால் ஒரு தடவை நாங்கள் செய்தியை நம்பினோம். வன்னியில் கடைசிச் சண்டை நடந்துகொண்டிருந்த மாதங்கள் அவை. என் அக்கா குடும்பத்தோடு அங்கே அகப்பட்டிருந்தார். ஓர் இடத்தைப் பாதுகாப்பு வலயம் என்று அறிவித்தார்கள், சனம் அங்கே போனால் ஷெல் விழாது என்றார்கள். ஜெர்மன் தொலைக்காட்சி அதை வரைபடத்தில் ஒரு பச்சைக் கட்டமாகக் காட்டியது. அக்கா அந்தப் பச்சைக்குள் போய்விட்டார் என்று யார் மூலமாகவோ தகவல் வந்ததும் நான் முதல் தடவையாக ஒழுங்காகச் சாப்பிட்டேன். ஷெல் அந்தப் பச்சைக்குள்தான் விழுந்தது. அத்தானை அங்கேயே ஒரு பங்கருக்குப் பக்கத்தில் புதைத்துவிட்டு அக்கா வெளியே வந்தார்.

அந்த நாட்களில் நாங்கள் பனிக்குள் ரயில் நிலையத்துக்கு முன்னால் படங்களைப் பிடித்துக்கொண்டு நின்றோம். மகள் தள்ளுவண்டிக்குள் போர்வையால் சுற்றப்பட்டு இருந்தாள். ஒரு மாலை எங்களைச் செய்தியில் காட்டினார்கள். ஊர்வலத்தால் டிராம் வண்டிகள் தாமதமாகின என்பதுதான் செய்தி. எதற்காக நின்றோம் என்பதற்கு அரை வசனம் கிடைத்தது. அந்த அரை வசனத்தை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

நான் ஒரு பல் வைத்தியரிடம் உதவியாளராக வேலை செய்கிறேன். கருவிகளைக் கழுவிக் கிருமி நீக்கும் சின்ன அறை ஒன்று உண்டு. நாங்கள் அதை ஸ்டெரி என்போம். ஜன்னல் இல்லை, சூடு, ஓயாத இரைச்சல். அங்கே என்னோடு வேலை செய்யும் பெண் பதினைந்து வருடங்களுக்கு முன் இந்த நாட்டுக்கு வந்தவள். வந்தது அந்த இன்னொரு நாட்டில் இருந்து. என் மகள் இருந்த நகரத்தின் மேல் விமானங்களை அனுப்பிய நாடு. அவளுடைய அண்ணன் குடும்பம் அங்கே ஒரு நகரத்தில் இருக்கிறது. அந்த நகரத்தின் மேலும் ஏவுகணைகள் விழுந்துகொண்டிருந்தன.

சண்டை தொடங்கிய பிறகு வந்த முதல் வேலை நாள், இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் கண்ணாடிகளையும் இடுக்கிகளையும் பைகளுக்குள் போட்டு ஒட்டிக்கொண்டிருந்தோம். பிறகு அவளே தொடங்கினாள். நாங்கள் பேசுவது ஜெர்மன், இங்கே தமிழில் எழுதுகிறேன்.

"நேற்று செய்தி பார்த்தாயா? உன் பக்கம்தான் இந்தத் தொலைக்காட்சிக்குச் செல்லப்பிள்ளை."

கையில் இருந்த இடுக்கியை வைத்தேன். "என் பக்கமா? உங்கள் ஆட்களுக்குப் பேர், வயது, அழுகிற தாய் எல்லாம் காட்டினார்கள். எங்களுக்கு வெறும் புகை."

"உங்களுக்குக் கூரையில் ஒரு நிருபர் நிற்கிறான், தலைக்கவசம் போட்டு. எங்களுக்கு ஒரு வரைபடம். அதில் சிவப்பு அம்பு."

"எங்களுக்கு" என்று நான் சொல்லியிருக்கிறேன் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. அந்த நகரத்தை நான் கண்ணால் கண்டதில்லை.

மதிய இடைவேளையில் இருவரும் பந்தயம் பிடித்தது போல அந்தச் செய்தியை அவளுடைய தொலைபேசியில் திரும்பப் போட்டுப் பார்த்தோம். அழுகிற தாய் இருந்தாள். கூரையில் நிருபரும் இருந்தார். அம்பு இருந்தது. புகையும் இருந்தது. நேற்று எங்கள் வரவேற்பறையில் நிருபரைப் பார்த்த நினைவே எனக்கு இல்லை. அந்தத் தாயைப் பார்த்த நினைவு அவளுக்கு இல்லை.

"நாம் பார்த்தது ஒரே செய்தியா?" என்றாள்.

"உன்னுடைய தொலைபேசியில் வேறு போடுகிறார்கள் போல" என்றேன். அவள் பாணைக் கடித்தபடி சிரித்தாள். அன்றைக்கு அவள் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

இதனால் செய்திகள் எல்லாம் நேர்மையானவை என்று நான் சொல்ல வரவில்லை. கவனித்துக் கேளுங்கள், ஒரு பக்கத்தில் ஆட்கள் கொல்லப்படுகிறார்கள், மற்றப் பக்கத்தில் ஆட்கள் உயிரிழக்கிறார்கள். ஏதோ வயது போய்ச் செத்தது போல. எந்தப் பக்கத்துக்கு எந்தச் சொல் என்பது தற்செயலாக விழுவதில்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். அவளும் அப்படித்தான் நினைக்கிறாள். எந்தப் பக்கம் என்பதில்தான் நாங்கள் ஒத்துப்போவதில்லை.

அந்த வாரக் கடைசியில்தான் அது நடந்தது. சனிக்கிழமை எட்டு மணிச் செய்தி. நகரத்தின் தெற்குப் பகுதியில் தாக்குதல் நடத்தமாட்டோம் என்று மற்ற நாடு அறிவித்திருக்கிறது, அங்கே ஒரு பாடசாலையில் வெளிநாட்டவர்கள் கூடுகிறார்கள், காலையில் பஸ்கள் எல்லைக்குப் புறப்படும் என்றார்கள். வரைபடத்தில் தெற்குப் பகுதியை நிறம் தீட்டிக் காட்டினார்கள். பச்சை. செய்தி வாசித்த பெண் அந்தப் பகுதிக்குச் சொன்ன ஜெர்மன் சொல்லைத் தமிழில் சொன்னால் பாதுகாப்பு வலயம்.

கணவர் சோபாவில் இருந்து எழும்பிவிட்டார். "இஞ்சேரும், கேட்டீரோ?"

"கேட்டன்."

"அதே சொல்லு."

"அதே நிறமும்" என்றேன்.

மகள் அழைத்தபோது படம் விட்டு விட்டு வந்தது. அவளுக்குப் பின்னால் மற்றப் பெண் பிள்ளை சூட்கேஸை மூட முயன்றுகொண்டிருந்தாள்.

"அம்மா, நாளைக்குக் காலமை பஸ் இருக்காம். இப்பவே அந்தப் பள்ளிக்கூடத்துக்கு வரச் சொல்லியிருக்கினம்."

"போகாத."

"என்ன?"

"அங்க போகாத பிள்ளை. நிக்கிற இடத்திலயே நில். கீழ நிலவறை இருக்கெண்டு சொன்னனி எல்லே."

"அம்மா, எல்லாரும் போயினம். எங்களை அனுப்பின ஆக்களும் போகச் சொல்லுகினம். ரீவியிலயும் சொன்னவை தானே."

"பெரியம்மாவுக்கும் அப்பிடித்தான் சொன்னவை."

கணவர் தொலைபேசியை என் கையில் இருந்து வாங்கினார். "அம்மாச்சி, அப்பா சொல்லுறதைக் கேள். ஒரு இடத்தைக் காட்டி அதுக்குள்ள சனத்தைச் சேக்கிறாங்கள் எண்டா அதுக்குள்ள நிக்கக் கூடாது. இது உங்கட ஆக்களுக்கு விளங்காது. எங்களுக்கு விளங்கும்."

 மகளுக்குப் பத்தொன்பது வயது. எங்களை எதிர்த்துப் பேசக் கூச்சப்படாதவள். சாப்பாடு, உடுப்பு, படிப்பு எதிலும் எங்கள் சொல்லைக் கேட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை. அன்றைக்குக் கேட்டாள்.

"சரி" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை மாலை அதே செய்தியில் பஸ்கள் எல்லையைக் கடப்பதைக் காட்டினார்கள். மகளோடு தங்கியிருந்த அந்த ஜெர்மன் பிள்ளை ஜன்னலோரம் இருந்தாள். தலைமயிரைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. பச்சைக்குள் ஒரு கல் கூட விழவில்லை. கணவர் ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு அந்தக் காட்சி முடிந்த பிறகும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இண்டைக்கு விட்டிட்டாங்கள். நாளைக்கு விடுவாங்களோ ஆர் கண்டது" என்றார். குரலில் பலம் இல்லை.

திங்கட்கிழமை முற்பகல் நகரத்தின் வடக்கில் குண்டு விழுந்தது. மகள் இருந்தது வடக்கில்.

நான் அப்போது கதிரையில் படுத்திருந்த ஒருவருடைய வாயில் எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடித்துக்கொண்டிருந்தேன். சட்டைப் பைக்குள் தொலைபேசி அதிர்ந்தது. வேலை நேரத்தில் எடுக்கக் கூடாது, எடுத்தேன். கணவர் ஒரு செய்தித் தலைப்பை மட்டும் அனுப்பியிருந்தார். மகளுக்கு அழைத்தேன். போகவில்லை. திரும்பக் கதிரைக்கு வந்தபோது குழாய் அந்த மனிதருடைய பல்லில் தட்டத் தொடங்கியது. பின்னால் இருந்து ஒரு கை வந்து குழாயை வாங்கிக்கொண்டது. ஸ்டெரியில் என்னோடு வேலை செய்யும் தோழிதான். "ஸ்டெரிக்குப் போ" என்றாள்.

போய் ஒரு வாளியைக் கவிழ்த்து அதன் மேல் உட்கார்ந்தேன். ஜெர்மன் செய்திகள் எல்லாவற்றிலும் ஒரே வரிதான். வடக்கில் வெடிச் சத்தங்கள், விபரம் இல்லை, சுயாதீனமாக உறுதிப்படுத்த முடியவில்லை. உறுதிப்படுத்த முடியவில்லை என்பதை எத்தனை தடவை வாசிப்பது? தமிழ் யூடியூப் சானல் ஒன்றில் ஒருவர் பின்னணியில் பறை போன்ற ஒரு சத்தத்தோடு நகரமே தரைமட்டம் என்று கத்தினார். அவர் இருந்தது லண்டனில் ஒரு அறையில். அது தெரிந்தும் அவரை நிறுத்த எனக்குக் கை வரவில்லை.

அந்த நோயாளி போன பிறகு தோழி உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். தன் தொலைபேசியைத் திறந்தாள்.

"என் நாட்டு அரசாங்கத் தொலைக்காட்சி. பொய்க்காரர்கள்" என்றாள். "ஆனால் எதை அடித்தோம் என்பதைப் பெருமைக்காகச் சரியாகச் சொல்வார்கள். தெருப் பேரோடு சொல்வார்கள். இரு."

ஒரு ஆண் குரல் கம்பீரமாக எதையோ வாசித்தது. பாட்டு வந்தது. மறுபடி குரல். அவள் வசனம் வசனமாக எனக்கு மொழிபெயர்த்தாள். எங்கள் வீரர்கள், எங்கள் துல்லியம் என்று வரும் இடங்களில் எல்லாம் அவள் குரல் தணிந்து போனது. ஆனாலும் ஒன்றையும் விடாமல் சொன்னாள். பிறகு நிறுத்தி, "தெரு சொல்கிறான். நூற்பாலைத் தெரு. உன் மகள் இருக்கிறது அதுவா?"

இல்லை. அதற்கு இரண்டு தெரு தள்ளி. மகள் அந்த ஆலையின் பழைய புகைபோக்கியைப் படம் எடுத்து அனுப்பியிருந்தாள்.

"அது இல்லை! அது வேற!" என்று தமிழில் கத்தினேன். அவளைக் கட்டிப்பிடித்தேன். கையுறை போட்ட அவள் கை என் முதுகில் சில நிமிடங்கள் அப்படியே இருந்தது. பிறகுதான் அந்தத் தெருவிலும் வீடுகள் இருந்திருக்கும் என்ற எண்ணம் வந்தது. அவளுக்கு அது எனக்கு முந்தியே வந்திருக்க வேண்டும், ஏனென்றால் அவள் சந்தோசப்படவில்லை.

அவள் வெளியே போனதும் அக்காவுக்கு அழைத்தேன். அக்கா இப்போதும் கிளிநொச்சிப் பக்கம்தான் இருக்கிறார், ஒரு மகனோடு. நடந்ததை எல்லாம் சொன்னேன். பாதுகாப்பு வலயம் என்ற சொல்லை அவரிடம் சொல்ல எனக்குப் பயமாக இருந்தது. சொன்னேன்.

"பிள்ளை இப்ப தனியவோ நிக்குது?" என்றார்.

"ஓம் அக்கா. மற்றவை எல்லாம் போட்டினம்."

"உனக்கென்ன விசரே?"

அக்கா என்னைப் பேச விடவில்லை.

"நாங்கள் அந்த இடத்துக்குப் போனதால சாகேல்லையடி. வெளியில வர வழி இல்லாததால செத்தம். அவளுக்கு பஸ் ஓடுது. பஸ் அங்கால போய்ச் சேர்ந்ததை நீயே பாத்தனி."

"ரீவியில பாத்தன்."

"பாத்தனி தானே. பிறகென்ன?"

"எப்பிடி அக்கா நம்புறது?"

"நம்ப வேண்டாம். அவளைப் போகச் சொல்லு." பிறகு குரல் கொஞ்சம் இறங்கியது. "என்னை நினைச்சு அவளை அங்க வச்சிருக்காத. எனக்கு அது வேண்டாம்."

பின்னேரம் நான் வீட்டுக்கு வந்த பிறகு மகள் அழைத்தாள். இணைப்பு அறுந்திருந்ததாம், இல்லத்துப் பிள்ளைகளோடு நிலவறையில் இருந்தாளாம். சத்தம் கேளாத பிள்ளைகள் நிலம் அதிர்ந்ததும் சுவரில் கையை வைத்து ஒருவரை ஒருவர் பார்த்தார்களாம். அதைச் சொல்லிக்கொண்டு போனவளை நான் இடைமறித்தேன்.

"பிள்ளை, அடுத்த பஸ்ஸில வா. அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போ."



"இப்பவோ? இப்பவோ போகச் சொல்லுறீங்கள்?"

"ஓம்."

"அப்பாவும் ஓம் எண்டு சொல்லுறாரோ?"

கணவர் தொலைபேசிக்கு அருகில் குனிந்து, "ஓம் அம்மாச்சி. போ" என்றார். அவர் அழுததை அவள் கேட்டிருக்கக் கூடாது என்று நினைத்தேன். கேட்டிருப்பாள்.

மறுநாள் வடக்கில் இருந்து தெற்குக்கு வாகனங்கள் ஓடவில்லை. இல்லத்தில் சமையல் செய்யும் பெண் தன் பிள்ளைகளை வீட்டில் விட்டுவிட்டு என் மகளோடு அந்தப் பாடசாலை வரைக்கும் நடந்து வந்திருக்கிறாள். வழி தெரியாமல் தனியே போகாதே என்று சொல்லி வந்தாளாம். பிறகு தனியே திரும்பி நடந்திருக்கிறாள். அந்தப் பெண்ணின் முகம் எனக்குத் தெரியாது. முந்திய நாள் வரைக்கும் அவளைப் போன்றவர்கள் எனக்குச் செய்தியில் வரும் புகை.

எல்லைக்கு அப்பால் அவள் ஏறிய விமானம் டுசெல்டோர்ஃபில் இறங்கியபோது வருகை வாசலில் கமராவோடு இரண்டு பேர் நின்றார்கள். இளம் நிருபர், என் மகளை விட ஏழெட்டு வயது கூட இருக்கலாம். மரியாதையான பெண். முதலில் என்னிடம் அனுமதி கேட்டாள், எனக்குக் குடிக்கத் தண்ணீர் தந்தாள். மகள் வெளியே வந்ததும் நான் என்ன செய்தேன் என்று எனக்குத் தெரியாது. பிறகு செய்தியில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

மகளிடம் கேள்வி கேட்டார்கள். அவள் நெடுநேரம் சொன்னாள். சுவரில் கை வைத்த பிள்ளைகளைப் பற்றி, திரும்பி நடந்து போன பெண்ணைப் பற்றி, நூற்பாலைத் தெருவைப் பற்றி. நிருபர் தலையாட்டிக் கேட்டாள். ஒரு இடத்தில் அவளுடைய கண்ணும் கலங்கியது. நான் கண்டேன்.

எட்டு மணிக்கு மூவரும் பார்த்தோம். நான் மகளைக் கட்டிப்பிடித்துத் தரையில் முழங்காலில் விழுகிறேன். என் சால்வை நழுவுகிறது. பிறகு மகளின் முகம், ஒரே வசனம்: "வீட்டுக்கு வந்தது பெரிய நிம்மதி." அடுத்த செய்தி எண்ணெய் விலை.

"அவ்வளவுதானோ?" என்றாள் மகள்.

"அவைக்கும் நேரம் இல்லைத்தானே பிள்ளை" என்றேன். அந்த நிருபர் பெண்ணுக்காக எனக்கு மனம் இரங்கியது. யாரோ ஒருவர் அவளிடம் இவ்வளவு இடம்தான் இருக்கிறது என்று சொல்லியிருப்பார். அதோடு, வெட்டி எடுத்து வைத்தது எங்கள் பக்கத்தைத்தான், எங்கள் கண்ணீரைத்தான். வாழ்க்கையில் முதல் தடவை தொலைக்காட்சி எங்கள் பக்கம் நின்றிருந்தது. அப்படியும் அது சரியாக இல்லை.

மகள் எழுந்து நின்றாள். "அவையளை விடுங்கோ. நீங்கள் ரெண்டு பேரும் என்ன செய்தனீங்கள்? நான் இருந்த சண்டையை நீங்கள் பாக்கவே இல்லை. பெரியம்மாட சண்டையைத்தான் பாத்துக்கொண்டு இருந்தனீங்கள். என்னை அதுக்குள்ள வச்சிருந்தனீங்கள்."

கணவர், "பயத்தில சொன்னது அம்மாச்சி" என்றார்.

"தெரியும். எனக்கும் பயம்தான். அதாலதான் உங்கட சொல்லைக் கேட்டனான்."

அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். அடித்துச் சாத்தவில்லை. அடித்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அடுத்த நாட்களில் அவள் எங்களோடு சாப்பிட்டாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள், ஆனால் செய்தி தொடங்கும் நேரம் வந்தால் எழுந்து போய்விடுவாள். இனி ஒரு நாள் நான் போ என்றோ நில் என்றோ சொன்னால் அவள் கேட்பாளா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்க வேண்டும் என்று நான் விரும்புகிறேனா என்பதும் தெரியவில்லை.

வேலைக்குத் திரும்பிய அன்று தோழி எனக்கு முந்தியே வந்து கருவிகளை அடுக்கியிருந்தாள்.

"பார்த்தேன். நன்றாக அழுதாய்" என்றாள். "சால்வையும் அழகாக விழுந்தது."

சிரிக்க முயன்றேன். அவள் கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. அவளுடைய நாட்டில் இணையத்தைத் துண்டித்துவிட்டார்களாம். அண்ணன் குடும்பத்தோடு பேசி மூன்று நாள். அவர்கள் இருக்கும் பகுதியில் ஏவுகணை விழுந்ததாக என் மகள் இருந்த நாட்டுத் தொலைக்காட்சி சொல்கிறது, விழவே இல்லை என்று அவளுடைய நாட்டுத் தொலைக்காட்சி சொல்கிறது, உறுதிப்படுத்த முடியவில்லை என்று இங்கே சொல்கிறார்கள்.

"மகள் இருந்த நாட்டுத் தொலைக்காட்சியின் மொழி எனக்கு விளங்காதே" என்றேன். அவள் எனக்குச் செய்ததைத் திருப்பிச் செய்ய என்னிடம் மொழி இல்லை.

"எனக்கும்தான்" என்றாள்.

"வீடு எப்படி இருக்கும்? பார்த்தால் தெரிகிற மாதிரி ஏதாவது இருக்கிறதா?"

அவள் யோசித்தாள். "வீடு தெரியாது. பின்னால் ஒரு தண்ணீர்த் தாங்கி இருக்கிறது, உயரமானது. சுற்றி நீலக் கோடு. சின்ன வயதில் அண்ணன் அதில் ஏறி அடி வாங்கினான்."

அன்றிலிருந்து நான் அவள் அண்ணன் இருக்கும் நகரத்தையும் பார்க்கத் தொடங்கினேன். எட்டு மணிச் செய்தி முடிந்த பிறகு மடிக்கணினியில் மற்றச் சானல்களின் செய்திகளைத் திறந்து, அவர்கள் அந்த நகரத்தைக் காட்டும் சில விநாடிகளை நிறுத்தி நிறுத்திப் பார்ப்பேன். அம்பு போட்ட வரைபடம் அங்கேதான் கூட. படம் குறைவு. தோழி சொன்னது சரிதான் என்று எனக்குப் பட்டது. அவளுக்கு அதை இன்னும் சொல்லவில்லை, மிதப்பு வந்துவிடும்.

நேற்று ஒரு படத்தில் அது தெரிந்தது. கூரைகளுக்கு மேலே, வலது ஓரத்தில், உயரமான தாங்கி. சுற்றி நீலம். நிமிர்ந்து நின்றது. நான் திரையைப் படம் எடுத்து அவளுக்கு அனுப்பப் போனேன். என் பின்னால் மகள் நின்றது அப்போதுதான் தெரிந்தது.

"ஆரின்ர வீட்டைத் தேடுறீங்கள்?" என்றாள்.

சொன்னேன். யார், எந்த நாடு, என்ன செய்தாள், நூற்பாலைத் தெருவின் பெயரை எனக்கு யார் வாசித்துச் சொன்னது என்பதெல்லாம் சொன்னேன். மகள் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு என் தோளோடு தோள் முட்ட உட்கார்ந்தாள்.

"அனுப்பீட்டீங்களோ?"

"இல்லை, இப்பதான்."

"கொஞ்சம் பொறுங்கோ. பின்னுக்குப் போங்கோ. இன்னும் கொஞ்சம். நிப்பாட்டுங்கோ." விரலால் திரையின் மேல் மூலையைத் தொட்டாள். "இஞ்ச பாருங்கோ அம்மா."

வெளிர் எழுத்தில், கண்ணில் படாத அளவுக்குச் சின்னதாக, பழைய பதிவு என்று போட்டிருந்தார்கள். அவர்கள் ஒளிக்கவில்லை. சண்டைக்கு முந்திய படம். அந்த வானத்தில் பட்டம் ஒன்று பறந்துகொண்டிருந்ததையும் அதற்குப் பிறகுதான் கண்டேன்.

படத்தை அனுப்பாமல் அழித்தேன். என் கை குளிர்ந்திருந்தது. மகள் அதைப் பிடித்துப் பார்த்துவிட்டுத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டாள்.

"நீங்கள் சொன்னதால மட்டும் நான் நிக்கேல்ல அம்மா" என்றாள். "அந்தப் பிள்ளையளை விட்டிட்டுப் போக ஏலாமலும் இருந்தது. அதையும் கணக்கில வச்சுக்கொள்ளுங்கோ."

 ஓம் என்று தலையாட்டினேன்.

"வேற என்ன சானல் இருக்கு?" என்று கேட்டுக்கொண்டு மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பினாள். சமையலறையில் இருந்து கணவர் எட்டிப் பார்த்து, "என்ன தேடுறியள்?" என்றார்.

"தண்ணித் தாங்கி அப்பா. நீலக் கோடு போட்டது. கண்ணாடியை எடுத்துக்கொண்டு வாங்கோ."

அவர் கண்ணாடியைத் தேடப் போனார்.